நிறுவனக் கணக்குகளை நம்பலாமா? சிட்னி பேராசிரியர் ரேமண்ட் சேம்பர்ஸின் அரை நூற்றாண்டு வாதம்

ஒரு நிறுவனம் தனது ஆண்டு இலாபம் என்று வெளியிடும் தொகையை முதலீட்டாளர்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஒரே கேள்விக்காகத் தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர், ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் ஜான் சேம்பர்ஸ். 1999ஆம் ஆண்டு செப்டம்பரில் தமது 81ஆவது வயதில் அவர் காலமானார். அவர் முன்வைத்த சீர்திருத்தத்தை அவர் வாழ்ந்த காலத்தில் எந்த அரசும் சட்டமாக்கவில்லை. அவர் எச்சரித்த வகையான வீழ்ச்சிகளோ தொடர்ந்து நிகழ்ந்தன.

நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் மேற்கே உள்ள வென்ட்வேர்த்வில் என்னும் புறநகர், சிட்னியில் தமிழர்கள் செறிந்து வாழும் இடங்களில் ஒன்று. இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்று குடியேறியவர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் அங்கு ரயில் நிலையத்தைச் சுற்றி அமைந்துள்ளன. சற்றுத் தொலைவில், மேஸ் ஹில் பகுதியில், சிட்னி முருகன் கோயில் இருக்கிறது. பங்குச் சந்தையைப் பற்றிய கட்டுரையில் இந்த ஊருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம்.

வென்ட்வேர்த்வில்லில் ரயிலேறி வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, பங்கு முதலீட்டாளர்தான். ஆஸ்திரேலியாவில் பேச்சு வழக்கில் சூப்பர் என்று அழைக்கப்படும் கட்டாய ஓய்வூதிய நிதித் திட்டம் 1992ஆம் ஆண்டு தொடங்கியது. ஊதியத்துக்கு மேலாக முதலாளிகள் அந்த நிதியில் செலுத்த வேண்டிய பங்கு, 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் 12 சதவீதம். அந்தப் பணத்தின் பெரும்பகுதி நிறுவனப் பங்குகளில் இடப்படுகிறது. மருத்துவமனைத் தாதியும் பேருந்து ஓட்டுநரும் கணினிப் பொறியாளரும், தாங்கள் ஒருபோதும் படித்திராத ஆண்டறிக்கைகளின் மீது தமது முதுமையை ஒப்படைத்திருக்கிறார்கள். சேம்பர்ஸ் பேசியது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

இடையில் ஒரு செய்தி. வென்ட்வேர்த்வில் என்ற பெயருக்குக் காரணமான குடும்பத்தின் மூத்தவர், டார்சி வென்ட்வேர்த் என்ற அறுவை மருத்துவர். 1817ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் முதல் வங்கியான நியூ சவுத் வேல்ஸ் வங்கியின் ஆரம்பகால இயக்குநர்களில் அவரும் ஒருவர். அது தொடங்கிய நான்கே ஆண்டுகளில், மூலதனத்தில் பாதியளவை அதன் காசாளரே கையாடியிருந்தது வெளிப்பட்டது. ஆக, முதலீட்டாளரின் இந்தக் கவலை அந்த மண்ணுக்குப் புதியதல்ல.

விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கிடைத்த பாடம்

சேம்பர்ஸ் 1917ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சிட்னிக்கு வடக்கே உள்ள நியூகாசில் நகரில் பிறந்தார். நிலக்கரியையும் உருக்காலையையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர் நகரம் அது. உலகப் பெருமந்தம் ஆஸ்திரேலியாவைத் தாக்கியபோது அவர் பள்ளி மாணவர். பகலில் அலுவலகப் பணி, மாலையில் வகுப்பு என்று சிட்னி பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 1939ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் எண்ணெய் நிறுவனம் ஒன்றிலும், மின்மானிகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றிலும் பணிபுரிந்தார்.

அவருடைய சிந்தனையைத் திருப்பிவிட்டது இரண்டாம் உலகப் போர்க்காலம். 1943ஆம் ஆண்டிலிருந்து 1945ஆம் ஆண்டு வரை அவர் ஆஸ்திரேலிய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பணியாற்றினார். போர்க்காலத்தில் பொருட்களின் விலையை உயர்த்த விரும்பும் நிறுவனங்கள் தமது கணக்குகளை அந்த ஆணையத்திடம் காட்டி அனுமதி பெற வேண்டியிருந்தது. ஒரே தொழிலில், ஏறக்குறைய ஒரே அளவிலான இரு நிறுவனங்கள் காட்டிய கணக்குகளை அருகருகே வைத்தால் அவை ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒன்றில் பழைய இயந்திரம் வாங்கிய விலையில் நின்றது. மற்றொன்றில் அதே இயந்திரம் ஏறத்தாழ முழுவதும் தேய்ந்துபோனதாகக் காட்டப்பட்டிருந்தது. எவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டையும் ஒப்பிட வழியில்லாமல் இருந்தது.

போர் முடிந்ததும் அவர் சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியில் நிர்வாகவியல் ஆசிரியரானார். 1953ஆம் ஆண்டு சிட்னி பல்கலைக்கழகத்தில் கணக்கியலின் முழுநேர முதுநிலை விரிவுரையாளராகச் சேர்ந்த அவர், 1960ஆம் ஆண்டு அங்கு அத்துறையின் முதலாவது முழுநேரப் பேராசிரியரானார். 1965ஆம் ஆண்டு அபாக்கஸ் என்ற ஆய்விதழைத் தொடங்கி, பத்தாண்டு காலம் அதன் ஆசிரியராக இருந்தார். கணக்கியலை ஒரு கைத்தொழில் என்றே பல்கலைக்கழகங்கள் கருதிய காலம் அது. அதை அளவீட்டு அறிவியலாக மாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒரு கடை, இரண்டு இலாபங்கள்

சேம்பர்ஸ் எதை எதிர்த்தார் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய நிறுவனம் தேவையில்லை. வென்ட்வேர்த்வில்லில் ஒரு மளிகைக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கடைக்காரர் பொருள் விநியோகத்துக்கு 40,000 டாலருக்கு ஒரு வேன் வாங்குகிறார். அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டால் ஆண்டுத் தேய்மானம் 8,000 டாலர். பத்து ஆண்டுகள் உழைக்கும் என்றால் 4,000 டாலர். இங்கேயே இலாபத்தில் 4,000 டாலர் வேறுபாடு வந்துவிடுகிறது.

அவர் 30 டாலர் விலையில் ஆயிரம் மூட்டை அரிசியும், விலையேறிய பின் 36 டாலரில் இன்னொரு ஆயிரம் மூட்டையும் வாங்கி, மொத்தம் ஆயிரம் மூட்டைகளை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாங்கியதே முதலில் விற்றது என்று எழுதினால் விற்ற சரக்கின் அடக்கவிலை 30,000 டாலர். சராசரி விலையில் எழுதினால் 33,000 டாலர். வாடிக்கையாளர்கள் கடனாக வாங்கியதில் 20,000 டாலர் நிலுவை. அதில் ஆயிரம்தான் வராமல் போகும் என்று கடைக்காரர் நம்பலாம். ஐயாயிரம் வராது என்றும் அஞ்சலாம்.

இம்மூன்று இடங்களிலும் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தேர்ந்தெடுத்தால், அதே கடை, அதே ஆண்டு, அதே வியாபாரத்தில் 11,000 டாலர் கூடுதல் இலாபம் காட்டும். கல்லாப்பெட்டியில் ஒரு காசும் கூடியிருக்காது. அடுத்த ஆண்டு வியாபாரம் நன்றாக நடந்தால் மறுபக்கமாகத் தேர்ந்தெடுத்து இலாபத்தைக் குறைத்துக் காட்டி, மோசமான ஆண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். கணக்கைச் சரிக்கட்டுவது என்று நாட்டு வழக்கில் சொல்லப்படுவதன் சட்டபூர்வமான வடிவம் இதுதான்.

பெரிய நிறுவனங்களில் இத்தகைய தேர்வுகள் மூன்றோடு நிற்பதில்லை. 1965ஆம் ஆண்டு சேம்பர்ஸ் வெளியிட்ட ஒரு கணிப்பு கணக்காளர் உலகை எரிச்சலூட்டியது. அன்று ஏற்கப்பட்டிருந்த முறைகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்தால், ஒரே நிறுவனத்துக்குப் பத்து லட்சம் வெவ்வேறு விதித் தொகுப்புகளில் கணக்குத் தயாரிக்கலாம் என்பதும், அவை ஒவ்வொன்றையும் உண்மையும் நியாயமுமான கணக்கு என்று தணிக்கையாளர் சான்றளிக்க முடியும் என்பதும் அவர் காட்டியவை.

அவருடைய மாற்று எளிமையானது. ஐந்தொகை தயாரிக்கும் நாளில், ஒவ்வொரு சொத்தையும் அவசரமில்லாமல் விற்றால் சந்தையில் என்ன ரொக்கம் கிடைக்குமோ அந்த விலையிலேயே அதை எழுத வேண்டும். கடைக்காரரின் வேன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற ஊகம் தேவையில்லை. அன்றைய தேதியில் அதே வேன் பழைய வண்டிச் சந்தையில் 26,000 டாலர் பெறும் என்றால், கணக்கில் 26,000. பணவீக்கத்தால் பணத்தின் வாங்கும் திறன் குறைந்திருந்தால் அதற்கும் தனியாக ஒரு திருத்தம் செய்ய வேண்டும். 1966ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய பெருநூல் இந்த முறையை விரிவாக எடுத்துரைத்தது. கடனைத் திருப்பிச் செலுத்தவும் புதிய வழியில் செல்லவும் ஒரு நிறுவனத்திடம் எவ்வளவு வலு இருக்கிறது என்பதே முதலீட்டாளர் அறிய விரும்புவது என்றும், பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த விலை அதைச் சொல்லாது என்றும் அவர் வாதிட்டார்.

தொலைக்காட்சிப் பெட்டிகளும் கடன் பத்திரங்களும்

சேம்பர்ஸ் இதை வெறும் வகுப்பறைத் தத்துவமாகப் பேசவில்லை. அவர் கண்முன்னே நிறுவனங்கள் விழுந்துகொண்டிருந்தன. 1963ஆம் ஆண்டு மெல்பர்னைச் சேர்ந்த ரீட் மரே குழுமம் வீழ்ந்தது. 1965ஆம் ஆண்டு அக்டோபரில் சிட்னியின் எச்.ஜி. பாமர் நிறுவனம் வீழ்ந்தது. இதில் இரண்டாவது சம்பவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது. முதலீட்டாளர்கள் சரிக்கட்டிய கணக்கை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1956ஆம் ஆண்டு தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டிகளையும் குளிர்சாதனப் பெட்டிகளையும் தவணை முறையில் விற்ற பாமர் கடைகள் ஊர்தோறும் முளைத்தன. தவணை வியாபாரத்தில் பொருள் இன்று போகும், பணம் ஆண்டுக்கணக்கில் வரும். இடைவெளியை நிரப்ப நிறுவனம் பொதுமக்களிடம் கடன் பத்திரங்களை விற்றது. வங்கி தருவதை விட அதிக வட்டி என்பதால் சேமிப்பாளர்கள் வாங்கினார்கள்.

1960ஆம் ஆண்டின் இறுதியில் அரசு கடன் வசதிகளை இறுக்கியது. தவணை கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். ஆனால் பாமர் நிறுவனத்தின் கணக்குகளில் இலாபம் தொடர்ந்து காட்டப்பட்டது. வசூலாகப் போவதில்லை என்று தெரிந்த நிலுவைகளும் நல்ல கடன்களாகவே ஏட்டில் நின்றன. 1963ஆம் ஆண்டு எம்.எல்.சி. என்ற பெரிய ஆயுள் காப்புறுதி நிறுவனம் பாமரை வாங்கியது. அந்தப் பெயரைக் கண்டதும் மக்களின் நம்பிக்கை இரட்டிப்பாகி, மேலும் பணம் வந்து குவிந்தது. தனது துணை நிறுவனத்தின் கடன்களுக்கு எம்.எல்.சி. உத்தரவாதம் அளித்திருக்கவில்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

காப்புறுதித் துறையில் பழுத்த அனுபவம் கொண்ட எம்.எல்.சி.யே அந்தக் கணக்குகளை நம்பி வாங்கியது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். சாதாரணச் சேமிப்பாளர் ஏமாந்ததற்கு அவருடைய அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது. அறிந்தவர்களும் அதே எண்ணைத்தான் பார்த்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் நிறுவனம் பொறுப்பேற்பாளரின் கைக்குப் போனது. பல ஆண்டுகளாகக் காட்டப்பட்ட இலாபம் உண்மையில் இழப்பு என்பது தெரியவந்தது. பொய்யான விவரங்களைக் கொண்ட முதலீட்டு அழைப்பறிக்கையை வெளியிட்ட குற்றத்துக்காக நிறுவனர் ஹெர்பர்ட் பாமர் சிறை சென்றார். நிறுவனத்தின் தணிக்கையாளரும் சிறை சென்றார்.

பத்திரிகைகள் இதை ஒரு சில மோசடிக்காரர்களின் கதையாக எழுதின. சேம்பர்ஸ் அப்படிப் பார்க்கவில்லை. மோசடிக்காரர் சட்டத்தின் வேலியைத் தாண்டுகிறார் என்பது உண்மைதான். ஆனால் வேலி எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாதபடி விதிகள் தளர்ந்திருந்தால், தாண்டும் கணத்தைப் பிறர் எப்படி அறிவார்கள் என்பது அவருடைய கேள்வி. 1973ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட செக்யூரிட்டீஸ் அண்ட் அப்ஸ்க்யூரிட்டீஸ் என்ற நூல், நிறுவனங்களின் உண்மைச் சம்பவங்களைக் கொண்டு கணக்குச் சட்டத்தைத் திருத்தக் கோரியது.

சந்தை ஏமாறுமா?

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து சேம்பர்ஸுக்குப் பதில் வந்தது. அதுவும் சிட்னியில் பயின்றவர்களிடமிருந்தே வந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவின் சிகாகோவுக்குச் சென்ற ரே பால், பிலிப் பிரவுன் ஆகிய இருவரும் 1968ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல முறைகளைக் கலந்து தயாரிக்கப்படும் இலாபக் கணக்கு அர்த்தமற்றது என்று பேராசிரியர்கள் சொல்கிறார்களே, முதலீட்டாளர்கள் அப்படி நினைக்கிறார்களா என்று அவர்கள் தேடினார்கள்.

நூற்றுக்கணக்கான அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கணினியின் உதவியால் அவர்கள் ஆராய்ந்தார்கள். இலாபம் எதிர்பார்த்ததை விடக் கூடிய நிறுவனங்களின் பங்குகள் ஏறியிருந்தன. குறைந்தவற்றின் பங்குகள் இறங்கியிருந்தன. எனவே இலாபக் கணக்கில் பயனுள்ள தகவல் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்தத் தகவலில் 85 முதல் 90 சதவீதம் வரை, ஆண்டறிக்கை வெளிவரும் முன்பே வேறு வழிகளில் சந்தைக்கு எட்டிவிடுகிறது என்பதும் அவர்களுடைய கண்டறிவு. அமெரிக்காவின் முன்னணி ஆய்விதழ் ஒன்று அந்தக் கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தது. இன்று நிதித்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று அது.

அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் பலர் இந்தப் பாதையில் சென்றார்கள். சந்தை புத்திசாலி, கணக்கில் என்ன ஒப்பனை செய்தாலும் அது ஊடுருவிப் பார்த்துவிடும், எனவே எந்த முறையில் எழுதினால் என்ன என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. சேம்பர்ஸ் இதை ஏற்கவில்லை. ஓர் எண்ணைக் கண்டு மக்கள் அசைகிறார்கள் என்பதால் அந்த எண் சரியானது என்று ஆகிவிடாது என்பது அவருடைய நிலைப்பாடு. பாமர் கடன் பத்திரங்களை வாங்கியவர்களும் எண்ணைக் கண்டு அசைந்தவர்கள்தானே.

இந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான பங்குகளின் சராசரியைப் பார்த்தால் சந்தை பெரும்பாலும் விழித்திருக்கிறது. ஆனால் சேமிப்பாளர் சராசரியில் வாழ்வதில்லை. அவருடைய பணம் விழுந்த நிறுவனத்தில் இருந்ததா என்பதே அவருக்கு முக்கியம்.

அரசு கேட்ட அறிக்கை

சேம்பர்ஸுக்குத் தமது கருத்தைச் சட்டமாக்கும் வாய்ப்பு ஒரு முறை அருகில் வந்தது. நிறுவனக் கணக்குகளுக்கான தரவிதிகளை மீளாய்வு செய்ய நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 1977ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்து, அவரை அதன் தலைவராக நியமித்தது. குழுவில் இருந்தவர்கள் மூவர் மட்டுமே. மற்ற இருவரில் ஒருவரின் பெயர் டி. ஸ்ரீ ராமநாதன். ஆஸ்திரேலியக் கணக்கியலின் வரலாற்று ஏடுகளில் அந்தப் பெயரைக் காணும் தமிழ் வாசகர் சற்று நின்றே கடந்து செல்வார்.

1978ஆம் ஆண்டு வெளியான அறிக்கை, நடப்பிலிருந்த தரவிதிகள் முதலீட்டாளருக்கு வழிகாட்டத் தவறுகின்றன என்று முடிவு செய்து, சந்தை விற்பனை விலையின் அடிப்படையில் கணக்கு எழுதும் முறையைப் பரிந்துரைத்தது. அதே காலத்தில் சேம்பர்ஸ் ஆஸ்திரேலியக் கணக்காளர் சங்கத்தின் தேசியத் தலைவராகவும் இருந்தார். தாம் தலைமை வகித்த தொழிலின் அன்றாட வழக்கத்தையே அவர் குறை கூறினார் என்பது கவனிக்கத்தக்கது.

தொழில் வட்டாரத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. எதிர்ப்பாளர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு ஆலைக்கென்றே பல கோடி செலவில் தனியாகச் செய்யப்பட்ட இயந்திரத்தை வெளியில் எவரும் வாங்க மாட்டார்கள். சேம்பர்ஸின் முறைப்படி அதன் மதிப்பு, நிறுவிய மறுநாளே பழைய இரும்பின் விலைக்கு இறங்கிவிடும். நன்றாக உற்பத்தி செய்து இலாபம் ஈட்டும் ஆலை, கணக்கில் நொடித்துப்போனது போலத் தோன்றும். சேம்பர்ஸ் இந்த விளைவை மறுக்கவில்லை. விற்க முடியாத பொருளில் பணத்தை முடக்கிய நிறுவனம் அந்த அளவுக்கு ஆபத்தை ஏற்றிருக்கிறது, அதைப் பங்குதாரர் அறியட்டும் என்றார். இந்தப் பதில் பலருக்குத் திருப்தி தரவில்லை. அவருடைய திட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே என்று சொல்ல வேண்டும்.

அறிக்கை சட்டமாகவில்லை. 1982ஆம் ஆண்டு அவர் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். எழுதுவதை நிறுத்தவில்லை. 1991ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் அப்போது பராமரித்துவந்த கணக்கியல் சான்றோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு, ஐந்நூறு ஆண்டுக் கணக்கியல் எழுத்துகளைத் தொகுத்து ஒரு பெரும் நூலை வெளியிட்டார்.

அவருடைய இறுதிக் காலத்தில், சந்தை எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. அந்த அடியும் ஓர் ஆஸ்திரேலியரிடமிருந்து வந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் படித்த ரிச்சர்ட் ஸ்லோன் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இலாபத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்று கையில் வந்த ரொக்கம். மற்றது இன்னும் வராமல், மதிப்பீட்டின் பேரில் கணக்கில் ஏறிய தொகை. இரண்டாவது வகை இலாபம் அடுத்த ஆண்டில் நிலைப்பது குறைவு. ஆனால் முதலீட்டாளர்கள் இரண்டையும் ஒன்றாகவே மதித்து விலை கொடுத்தார்கள் என்பதை முப்பது ஆண்டு அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் காட்டின. ஏட்டு இலாபம் மிகுந்த பங்குகள் அடுத்த ஆண்டில் ஏமாற்றின. ரொக்க இலாபம் மிகுந்தவை சந்தையை மிஞ்சின.

நிறுவன நிர்வாகிகள் இதை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் போலும். 2005ஆம் ஆண்டு வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், ஏறத்தாழ 400 அமெரிக்க நிதி நிர்வாகிகளில் 78 சதவீதத்தினர், இலாபம் ஏற்ற இறக்கமின்றிச் சீராகத் தெரிவதற்காக நிறுவனத்தின் உண்மையான மதிப்பில் ஒரு பகுதியை இழக்கவும் தாம் தயார் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மறைவுக்குப் பின்

சேம்பர்ஸ் மறைந்து பதினெட்டு மாதங்களில், 2001ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.ஐ.எச். காப்புறுதிக் குழுமம் தற்காலிகக் கலைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆஸ்திரேலிய வரலாற்றின் மிகப் பெரிய நிறுவன வீழ்ச்சிகளில் அது ஒன்று. 2000ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதிக்கான அதன் ஐந்தொகை 93.9 கோடி டாலர் நிகரச் சொத்து இருப்பதாகக் காட்டியது. வீழ்ந்த பின் மதிப்பிடப்பட்ட பற்றாக்குறை 360 கோடி முதல் 530 கோடி டாலர் வரை. இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு ஒதுக்க வேண்டிய தொகையைப் பல ஆண்டுகளாகக் குறைத்து ஒதுக்கியதே பெரும் காரணம் என்று அரச விசாரணை ஆணையம் 2003ஆம் ஆண்டு தெரிவித்தது. பாமர் கடைகளின் வாராக் கடன்களும் எச்.ஐ.எச். ஒதுக்கீடுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் எதிர்காலத்தைப் பற்றிய ஓர் ஊகம் இலாபமாக எழுதப்பட்டது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை இல்லவே இல்லை என்று கடிதம் எழுதியபோது, ஒரே நாளில் அதன் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. சேம்பர்ஸ் முறையே அமலில் இருந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்காது. ரொக்கத்துக்கு எந்த மதிப்பீட்டு முறையும் தேவையில்லை, அது இருக்கிறதா என்று வங்கியில் கேட்டாலே போதும். விதிகளின் தளர்வு வேறு, அப்பட்டமான பொய் வேறு. ஆனால் முதலீட்டாளர்களின் நடத்தை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. காலாண்டுக்குக் காலாண்டு சீராக உயர்ந்த எண்களுக்கு அவர்கள் கடைசி வாரங்கள் வரை வெகுமதி அளித்தார்கள். தண்டனையை ஒரே காலைப் பொழுதில் அளித்தார்கள்.

சேம்பர்ஸின் கருத்து முற்றிலும் தோற்றது என்றும் கூறுவதற்கில்லை. 2011ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு 2013 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நிதி அறிக்கைத் தரவிதி, நியாய மதிப்பு என்பதை, முறையான பரிமாற்றத்தில் ஒரு சொத்தை விற்றால் கிடைக்கும் விலை என்று வரையறுத்தது. சிட்னியில் 1966ஆம் ஆண்டிலேயே அச்சான கருத்துக்கு இது வெகு அருகில் வருகிறது. ஆனால் சந்தை விலை கிடைக்காத இடங்களில் நிறுவனமே ஒரு கணக்கீட்டு மாதிரியைக் கொண்டு விலையை மதிப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் அந்த விதி அனுமதிக்கிறது. 2001ஆம் ஆண்டு வீழ்ந்த அமெரிக்காவின் என்ரான் நிறுவனம், சந்தை மதிப்பு என்ற பெயரில் தனது சொந்த ஊகங்களை இலாபமாக எழுதியது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. சேம்பர்ஸ் கேட்டது கண்ணால் காணக்கூடிய சந்தையின் விலை. விலையைக் கற்பனை செய்துகொள்ளும் உரிமையை அவர் எவருக்கும் தர விரும்பியதில்லை.

அவர் தொடங்கிய அபாக்கஸ் இதழ் அவருக்குப் பின்னும் தொடர்ந்து வெளிவந்தது. உலகெங்கும் உள்ள கணக்காளர்களோடும் பொருளியலாளர்களோடும் அரசு அதிகாரிகளோடும் அவர் பல பத்தாண்டுகள் நடத்திய கடிதப் போக்குவரத்து, சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.